போனில் மூடிய பள்ளம்

நான் சேஃப்டி வேலை பார்க்கும் கட்டுமான சைட்டில், ஒன்பதாவது மாடித் தளத்தில் பிளம்பிங் டக்ட்டுக்காக (குழாய்கள் மாடி மாடியாக இறங்கும் வழி) விட்டிருந்த திறப்பு அது. மூன்றடிக்கு இரண்டடி இருக்கும். திங்கட்கிழமை ரவுண்ட்ஸில் நான்தான் அதைக் குறையாகப் பதிந்தேன்: மூடி இல்லை, சுற்றிலும் தடுப்பு இல்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கே, குறைகளைப் பதியும் போன் ஆப்பில் பதில் வந்துவிட்டது. சென்ட்ரிங்கில் (காங்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகை, முட்டு வேலை) மிஞ்சிய பிளைவுட் பலகையைப் போட்டு, நான்கு மூலையிலும் ஆணி அடித்து, மேலே சிவப்புப் பெயின்ட்டில் தமிழிலும் இந்தியிலும் 'பள்ளம்' என்று எழுதி, போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார் அந்த மாடிக்குப் பொறுப்பான இன்ஜினியர். போட்டோ தெளிவாக இருந்தது. ஆணித் தலைகூடத் தெரிந்தது. நான் 'குளோஸ்டு' அழுத்தினேன். சிவப்பாக இருந்த கட்டம் பச்சையானது.

புதன்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து, ஜார்க்கண்டிலிருந்து வந்த தம்பி ஒருவர் சாலிட் பிளாக் கல்லைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தப் பலகைமேல் கால் வைத்தார். பலகை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது. ஆணி இல்லை. கல் ஆறு மாடி இறங்கி, மூன்றாவது மாடியில் போட்டிருந்த பலகையில் விழுந்து நொறுங்கியது. அன்று காலைதான் டக்ட்டில் இறக்கியிருந்த நாலு இன்ச் பி.வி.சி. குழாயைக் கட்டிப்பிடித்துத் தொங்கினார் அவர். பக்கத்தில் பூச்சு வேலை பார்த்த இரண்டு பேர் ஓடிவந்து மேலே இழுத்துப் போட்டார்கள். தொடையில் தோல் உரிந்திருந்தது, வேறு காயம் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுக்கப் போன என் கைகளும் நடுங்கின.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. குழாய் இறக்க வந்த பிளம்பர் பலகையைப் பெயர்த்திருக்கிறார். வேலை முடிந்ததும் திரும்ப வைத்திருக்கிறார். பழைய ஆணிகள் வளைந்துவிட்டன. புது ஆணிக்கு ஸ்டோரில் இன்டென்ட் (பொருள் கேட்டு எழுதும் சீட்டு) போட வேண்டும், அதற்கு ஒருவர் கையெழுத்து வேண்டும், அவர் சாப்பிடப் போயிருந்தார். பிளம்பர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அன்று இரவு நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தது அந்த போட்டோவைத்தான். அது பொய் இல்லை. செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு அது முழு உண்மை. அந்த ஒரு நிமிடத்து உண்மையை வைத்துக்கொண்டு, அந்தப் பள்ளத்தின் கதை முடிந்தது என்று பதிந்தது நான்தான்.

சென்னையில் கட்டுமானப் பாதுகாப்பு வேலைக்கு நான் வந்தது 2011-ல். அப்போது எல்லாம் பேப்பர்தான். கிளிப்போர்டு, கார்பன் தாள், கழுத்தில் ஒரு சின்ன கேமரா. மாதம் ஒரு முறை ஆடிட். ரூமுக்குத் திரும்பி கம்ப்யூட்டரில் தட்டி, போட்டோவை ஒட்டி, பிரின்ட் எடுத்துக் கொடுக்கப் பத்து நாள் ஆகிவிடும். அதற்குள் நான் குறை எழுதிய சாரத்தைப் பிரித்து வேறு பக்கம் கட்டியிருப்பார்கள். சப் கான்ட்ராக்டர் ஆட்கள் பாதிப் பேர் மாறியிருப்பார்கள். ரிப்போர்ட் ஃபைலுக்குப் போகும். அடுத்த மாதம் அதே குறையை வேறு வார்த்தையில் எழுதுவேன். ஒரு சைட்டில் கிரைண்டருக்கு கார்டு (சக்கரத்தை மறைக்கும் தடுப்பு மூடி) இல்லை என்று தொடர்ந்து ஏழு மாதம் எழுதியிருக்கிறேன் என்பது, வேலையை விட்டுக் கிளம்பும்போது ஃபைலைப் புரட்டியதில்தான் எனக்கே தெரிந்தது.

அதனால் போனுக்கு மாறியபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன், இன்றும் படுகிறேன். வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அது மறக்காமல் இருப்பது. எந்த மாடி, எந்த கான்ட்ராக்டர், எத்தனையாவது முறை, யாரிடம் சொன்னோம், எத்தனை நாள் அப்படியே கிடந்தது என்று கேட்டால் சொல்லும். ஏழு மாதம் ஒரே கார்டைப் பற்றி எழுதும் கொடுமை இனி நடக்காது. மூன்றாவது முறை அதே குறை வந்தாலே அந்த மெஷினை நிறுத்திவைக்க என் கையில் ஆதாரம் இருக்கும்.

சைட்டில் நாங்கள் எல்லாவற்றையும் 'ஆடிட்' என்றுதான் சொல்வோம். உண்மையில் இரண்டு வேறு வேலைகள். தினமும் சுற்றிவந்து சாரம், லைஃப்லைன் (உயரத்தில் பெல்ட்டை மாட்டும் கயிறு), கரண்ட் போர்டு பார்ப்பது சோதனை. இந்த சோதனையை யார் செய்கிறார்கள், குறை கண்டால் என்ன நடக்கிறது, ஆபத்தான வேலைக்கு பெர்மிட் கொடுப்பவர் இடத்தைப் பார்த்துக் கொடுக்கிறாரா என்று மொத்த ஏற்பாட்டையும் பரிசோதிப்பதுதான் ஆடிட். இதற்கு ஐ.எஸ். 14489 என்று ஒரு இந்தியத் தரநிலையே உண்டு. 1998-ல் வந்தது, 2018-ல் திருத்தினார்கள். போன் வந்த பிறகு இந்த இரண்டும் கலந்துவிட்டன. நூறு கேள்விக்கு டிக் அடித்தால் ஆடிட் முடிந்தது என்று ஆகிவிட்டது. ஒன்பதாவது மாடியில் தோற்றது பலகை அல்ல. பலகையை எடுக்கும் ஆளுக்கும் ஆணி இருக்கும் ஸ்டோருக்கும் நடுவில் இருந்த ஏற்பாடு. அதைப் பற்றி எங்கள் ஆப்பில் ஒரு கேள்விகூட இல்லை.

சென்னைப் புறநகர் மௌலிவாக்கத்தைப் பற்றி நினைக்காமல் இந்தத் தொழிலில் இருக்க முடியாது. 2014 ஜூன் 28, சனிக்கிழமை, மழை பெய்த மாலை. கட்டிக்கொண்டிருந்த 11 மாடி அடுக்குமாடிக் கட்டடம் அப்படியே அமர்ந்தது. 61 பேர் போனார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களும் நம் ஊர்க்காரர்களும். அப்போது நான் போரூர் பக்கம் ஒரு சைட்டில் இருந்தேன். பல நாள் வரை ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எங்கள் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்ப்பார்கள். இன்றைக்கு என் போனில் இருக்கும் பட்டியலை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல முறை யோசித்திருக்கிறேன். ஹெல்மெட், சாரம், கைப்பிடி எல்லாம் சரியாக இருந்திருந்தால் நல்ல மார்க் போட்டிருப்பேன். தூணும் அஸ்திவாரமும் சுமை தாங்குமா என்று என் பட்டியல் கேட்பதில்லை. எந்தக் கேள்வி இல்லையோ அந்த ஆபத்து திரையில் வராது. அதனால்தான் ஒவ்வொரு ஆடிட்டிலும் கடைசியில் ஒரு காலி இடம் விட்டிருக்கிறேன்: 'பட்டியலில் இல்லாத எது உங்களை உறுத்துகிறது?'

கருவிகளைப் பற்றிச் சொல்கிறேன், இதைப் படிக்கும் சேஃப்டி ஆட்களுக்கு உதவலாம்.

முதலில் வாட்ஸ்ஆப் குரூப்தான் எங்கள் ஆப். போட்டோ போடுவோம், கீழே 'நோட்டட்' என்று ஒரு கட்டைவிரல் வரும், அடுத்த அரை மணியில் அது மேலே ஓடி மறைந்துவிடும். அப்புறம் கம்பெனி ஆப் ஒன்று வாங்கியது. அதில் கேள்விகளை மாற்ற எங்களுக்கு அனுமதி இல்லை, எல்லாம் ஆங்கிலம். கடைசியில் நானே கோபோ டூல்பாக்ஸில் உட்கார்ந்து ஒரு படிவம் செய்தேன். பேரிடர் நிவாரணக் கணக்கெடுப்புக்குப் பயன்படும் கருவி அது, இலவசமாகவே தொடங்கலாம். பேஸ்மென்ட்டில் சிக்னல் இல்லாவிட்டாலும் நிரப்பலாம், மேலே வந்ததும் அனுப்பிக்கொள்ளும். ஒரே கேள்வியைத் தமிழ், இந்தி, ஒடியா என்று வெவ்வேறு மொழிகளில் வைக்கலாம். கேள்விகளை எழுதுவது ஒரு சாதாரண எக்ஸெல் தாளில்தான். போட்டோ கேள்விக்கு ஒரு அமைப்பு உண்டு: கேலரியில் இருக்கும் பழைய படத்தை எடுக்க விடாது, அங்கேயே நின்று புதிதாக எடுக்க வேண்டும். இதை மட்டும் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு கேள்வியிலும் எவ்வளவு நேரம் நின்றோம் என்ற பதிவும் கூடவே சேரும்படி செய்யலாம். அதைப் போட்ட இரண்டாவது வாரம் ஒரு சூப்பர்வைசரின் சாரப் பரிசோதனையைத் திறந்து பார்த்தேன். அறுபத்து இரண்டு கேள்வி, நான்கே நிமிடம். சில கேள்விகளில் இரண்டு நொடிகூட இல்லை. அந்தச் சாரம் எட்டு லிஃப்ட், அதாவது எட்டு அடுக்கு; ஏறி இறங்கவே இருபது நிமிடம் ஆகும். கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்காமல் சொன்னார்: "மேடம், ஒரு நாளைக்கு இந்த மாதிரி ஏழு ஃபார்ம் குடுத்திருக்கீங்க. நான் காங்கிரீட்டைப் பார்ப்பேனா, ஃபார்மைப் பார்ப்பேனா? டீக்கடையில உக்காந்துதான் போட்டேன்."

அவர் சொன்னது நியாயம். ஏழு படிவத்தை இரண்டாகக் குறைத்தேன். அறுபத்து இரண்டு கேள்வியைப் பதினான்கு ஆக்கினேன். அதற்குப் பிறகு அதே மனிதர் இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டு, மேல் லிஃப்டில் ஒரு கிளாம்ப் லூஸாக இருப்பதைக் கண்டுபிடித்து அனுப்பினார். நேரப் பதிவை ஆளைப் பிடிக்க வைத்திருந்தேன். என் படிவம் தவறு என்று அது எனக்குச் சொன்னது.

எந்தப் பதினான்கு கேள்வி என்பதுதான் கஷ்டமான வேலை. ஆங்கிலப் பட்டியல்களில் 'சென்ட்ரிங் போதுமான அளவு தாங்கப்பட்டுள்ளதா, ஆம், இல்லை' என்பதுபோல் வரும். அதற்கு யாரும் 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். பச்சைக் காங்கிரீட்டின் எடையை நினைத்துப் பாருங்கள்: ஒரு கன மீட்டர் இரண்டரை டன். முப்பதுக்கு முப்பது அடி ஸ்லாப், 15 செ.மீ. தடிமன் என்றால் ஏறக்குறைய 31 டன் கம்பிக்கும் காங்கிரீட்டுக்கும் மட்டும் போகும். மேலே ஆட்கள், பம்ப் குழாயின் உதறல் வேறு. அது முழுவதும் கீழே முட்டுக் கொடுத்திருக்கும் இரும்பு ஜாக்கிகளின் காலில்தான் இறங்குகிறது. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த சென்ட்ரிங் மேஸ்திரி ஒருவரிடம் கேட்டேன்: "அண்ணே, காங்கிரீட் போடுறதுக்கு முன்னாடி நீங்க கீழ போய் என்ன பார்ப்பீங்க?" அவர் யோசிக்கவே இல்லை. "ஒவ்வொரு ஜாக்கியையும் ஒரு உதை உதைப்பேன்மா. ஆடுச்சுன்னா அதுல வெயிட்டு ஏறலைன்னு அர்த்தம். அப்புறம் காலுக்கு அடியில என்ன வச்சிருக்கான்னு பார்ப்பேன். செங்கல்லு வச்சிருந்தா எடுக்கச் சொல்லுவேன்."

அது அப்படியே கேள்வியானது. 'எல்லா ஜாக்கியையும் தட்டிப் பார்த்தீர்களா? எத்தனை ஆடியது?' 'எந்தக் காலின் அடியிலாவது செங்கல், துண்டுக் கட்டை இருக்கிறதா? இருந்தால் போட்டோ.' எண்ணிக்கை கேட்டால் ஆள் கீழே போயே ஆக வேண்டும். நாற்பது வருட அனுபவம் அந்த மனிதரின் காலில் இருக்கிறது. என் பங்கு, அதை எழுதிக்கொண்டது மட்டும்தான்.

வேலையாட்களுக்கும் ஒரு வழி வைத்தேன். ஆட்களும் சாமானும் மேலே போகும் ஹாய்ஸ்ட்டின் கேட் பக்கத்தில் ஒரு கியூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் பெயர் கேட்காது. மொழியைத் தேர்ந்தெடுத்து, பேசி அனுப்பலாம். எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதல் பதினைந்து நாள் சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. வந்ததெல்லாம் குடிதண்ணீர். பத்தாவது மாடிக்கு மேல் தண்ணீரே இல்லை, கேன் காலி, டேங்க் தண்ணீரில் வாடை என்று. மே மாத வெயில் அது. பிராஜெக்ட் மேனேஜர், "இது சேஃப்டி ஆப்தானே, இதுல எதுக்கு இதெல்லாம்" என்று கேட்டார். வெயிலில் தண்ணீர் இல்லாமல் மயங்குவதும் பாதுகாப்புதான் சார் என்று நின்று, இரண்டு மாடிக்கு ஒரு கேன் வைக்கச் செய்தேன். அதற்கு அடுத்த வாரம் ஒடியாவில் ஒரு குரல் வந்தது: பி டவர் வெளிச்சாரத்தில் ஏணிப் பக்கம் ஒரு பலகை கட்டப்படாமல் சும்மா கிடக்கிறது என்று. போய்ப் பார்த்தேன், கிடந்தது. தண்ணீருக்குப் பதில் கிடைத்த பிறகுதான் பலகையைப் பற்றிச் சொன்னார்கள்.

சித்தாள் அக்காக்கள் நிறையப் பேரிடம் போன் இல்லை. இருந்தாலும் கியூஆர் பக்கம் போக மாட்டார்கள். அவர்களுக்கு எந்த ஆப்பும் பதில் இல்லை. மதியம் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். கம்பெனி ஆப்பில் 'பெண்களுக்குத் தனிக் கழிப்பறை' என்ற கேள்விக்கு மாதாமாதம் 'ஆம்' விழுந்துகொண்டிருந்தது. கழிப்பறை இருந்தது. உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வேலை செய்து, சாயங்காலம் குடியிருப்புக்குப் போய்தான் போவோம் என்று சோற்றைப் பிசைந்தபடி ஒரு அக்கா சொன்னார். அந்த 'ஆம்' எல்லாம் எனக்கு அப்போது கண்முன் வந்தது. எழுபது ரூபாய்த் தாழ்ப்பாள் அன்றைக்கே வாங்கிப் போட்டோம்.

என் சித்தப்பா மகன் சிங்கப்பூரில் சேஃப்டி சூப்பர்வைசர். அங்கே 2024 ஜூன் முதல், 5 மில்லியன் வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்) அதற்கு மேலும் மதிப்புள்ள கட்டுமானத் தளங்களில் ஆபத்தான வேலை நடக்கும் இடங்களில் வீடியோ கேமரா கட்டாயம். "உங்க சைட்ல இதெல்லாம் எப்ப வரும்" என்று அவன் கேட்பான். வந்தால் நல்லதுதான். ஆனால் அதே சிங்கப்பூரில் 2004 ஏப்ரல் 20-ல் நிக்கல் ஹைவே பக்கத்தில் எம்.ஆர்.டி. மெட்ரோ ரயிலின் சுரங்கப் பாதைக்குத் தோண்டிய பள்ளம் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். அங்கே அளவிடும் கருவிகள் இல்லாமல் இல்லை. தடுப்புச் சுவர் எவ்வளவு சாய்கிறது என்று அவை காட்டிக்கொண்டேதான் இருந்தன. அளவு எல்லை தாண்டியபோது, மறுபடி கணக்குப் போட்டு எல்லையை உயர்த்தினார்கள், தோண்டுவது தொடர்ந்தது. பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது. எண் சரியாக வந்திருக்கிறது. அதை வாசித்து வேலையை நிறுத்த ஒருவர் தயாராக இல்லை.

மார்க்கைப் பற்றிய என் பயமும் இதுதான். ஆடிட் முடிந்ததும் ஆப் 92 சதவீதம் என்று காட்டும். மீட்டிங்கில் எல்லோரும் அந்த 92-ஐப் பற்றிப் பேசுவார்கள். போன மாதம் 89, முன்னேற்றம் என்பார்கள். மீதி எட்டு சதவீதத்தில் ஒன்று, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப்பர் வேலை செய்யாத ஒரு கரண்ட் போர்டாக இருக்கலாம். ஈரத்தில் காங்கிரீட் வைப்ரேட்டர் பிடிப்பவரின் உயிரும், போஸ்டர் கிழிந்திருப்பதும் ஒரே ஒரு மார்க். என் படிவத்தில் மார்க்கை எடுத்துவிட்டேன். பக்கத்தின் மேலே திறந்திருக்கும் குறைகள் மட்டும், எத்தனை நாளாகத் திறந்திருக்கின்றன என்ற எண்ணோடு வரும். பிராஜெக்ட் மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின்படி 250 கட்டுமானத் தொழிலாளர் இருந்தாலே சேஃப்டி ஆபீசர் வேண்டும். பழைய விதியில் அது 500. நல்ல மாற்றம். புதிதாக வரும் பிள்ளைகள் கையில் போனோடுதான் வருவார்கள். அவர்களுக்கு நான் முதல் நாள் சொல்வது: நடக்கும்போது திரையைப் பார்க்காதே. நான் எழுத வேண்டுமென்றால் ஒரு தூணில் முதுகைச் சாய்த்து நின்றுதான் எழுதுகிறேன். குறையைத் தேடிப் போகிற நாமே திறப்பில் விழக் கூடாது.

அந்தத் தம்பி பத்து நாளில் வேலைக்குத் திரும்பிவிட்டார். நாங்களும் சிலதை மாற்றினோம். பத்தாவது மாடியிலிருந்து, டக்ட் திறப்புகளில் ஸ்லாப் கம்பியை வெட்டாமல் அப்படியே வலையாக ஓட விடுகிறோம். குழாய் இறங்கும் இடத்தில் மட்டும், இறங்கும் அன்றைக்கு வெட்டுவது. பலகை போனாலும் கம்பி இருக்கும். குறையைச் சரிசெய்தவரே 'குளோஸ்டு' போட முடியாது. மறுநாள் வேறு ஒருவர் நேரில் போய்ப் புது போட்டோ எடுக்க வேண்டும். ஆணியும் சுத்தியலும் இப்போது ஒவ்வொரு மாடி ஏணி அடியிலும் ஒரு பெட்டியில் இருக்கின்றன, இன்டென்ட் இல்லாமல்.

கடைசிக் கேள்வியைக் கொடுத்தது அந்த பிளம்பர்தான். விசாரணை என்று கூப்பிட்டதும் பயந்துபோய் வந்தார். திட்டப் போவதில்லை என்று தெரிந்த பிறகு மெதுவாகச் சொன்னார்: "மேடம், மூடியிருக்கா மூடியிருக்கான்னே கேக்குறீங்க. அதை நான் தொறந்துதானே ஆகணும்? எப்பத் தொறப்பேன்னு யாரும் என்னைக் கேக்கலையே."

அன்றே படிவத்தில் சேர்த்தேன்: 'இந்த மூடியை அடுத்து யார் திறக்க வேண்டியிருக்கும்? எப்போது?' போன வாரம் பதினான்காவது மாடியில் அதை நிரப்பும்போது அவருக்கே போன் போட்டுக் கேட்டேன்.

"வியாழக்கிழமை காலைல, மேடம். நான்தான். ரெண்டு பேர் கீழ நின்னு ஆள் வராம பார்த்துக்கணும், சொல்லி வைங்க."

வியாழன், காலை, இரண்டு பேர் என்று எழுதிக்கொண்டேன்.